டாக்டர் ஹூ: கதைத்தொடர்ச்சி விவாதங்கள்

டாக்டர் ஹூ பிபிசியின் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர். முதல் பகுதி நவம்பர் 23, 1963 அன்று ஒளிபரப்பானது. 1989-ல் நின்ற தொடர் 2005-ல் மீண்டும் தொடங்கியது. பல தலைமுறை எழுத்தாளர்கள் எழுதிய இத்தொடரில் எவை அதிகாரபூர்வமான கதைகள் என்பது நீண்டகால விவாதமாக உள்ளது.

அதிகாரபூர்வக் கதை

லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் 2014-ல் ஸ்டார் வார்ஸ் நாவல்களையும் காமிக்ஸ்களையும் 'லெஜண்ட்ஸ்' என்று தனியே பிரித்தது. புதிய திரைப்படங்கள் அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்றானது. பிபிசி டாக்டர் ஹூவுக்கு அத்தகைய எல்லையை வகுக்கவில்லை. பால் கார்னெல் 1995-ல் ஏழாம் டாக்டரை வைத்து எழுதிய ஹ்யூமன் நேச்சர் நாவலை, 2007-ல் அவரே பத்தாம் டாக்டருக்கான தொலைக்காட்சிக் கதையாக மாற்றினார். இரண்டையும் ஏற்றால் ஏறத்தாழ ஒரே நிகழ்வு டாக்டரின் வாழ்வில் இருமுறை நடந்ததாகிறது.

முரண்கள்

1967, 1971, 1972 ஆண்டுகளின் கதைகள் அட்லாண்டிஸின் அழிவுக்கு மூன்று வெவ்வேறு காரணங்களைச் சொல்கின்றன. இத்தகைய முரண்கள் கதையனுபவத்தைப் பாதிப்பதில்லை. நாயகனின் இயல்பைத் தொடும் முரண்களே கடும் விவாதத்துக்குள்ளாகின.

1966-ல் வில்லியம் ஹார்ட்னெல் விலகி பாட்ரிக் ட்ரவுட்டன் நடிக்க வந்தபோது, டாக்டர் உருமாறுவதாகக் கதை அமைக்கப்பட்டது. 1976-ல் ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய தி டெட்லி அசாசின், இவ்வுருமாற்றம் 12 முறைதான் நிகழும் என்று வரையறுத்தது. அதே ஆண்டு ஹோம்ஸ் கதைத் தொகுப்பாளராக இருந்த தி பிரெய்ன் ஆஃப் மார்பியஸ், ஹார்ட்னெலுக்கு முன்பே டாக்டருக்கு வேறு முகங்கள் இருந்ததாகக் குறிப்புணர்த்தியது. விதியும் மீறலும் ஒரே ஆண்டில், ஒருவரின் பொறுப்பிலேயே உருவாயின.

2020-ல் கிறிஸ் சிப்னால் எழுதிய தி டைம்லெஸ் சில்ட்ரன், டாக்டர் வேறெங்கிருந்தோ வந்த குழந்தை என்றும், உருமாறும் ஆற்றலே அக்குழந்தையிடமிருந்து பெறப்பட்டது என்றும் சொன்னது. ஐம்பதாண்டு வரலாற்றை இது அழித்துவிட்டதாக ஒரு சாரார் எதிர்த்தனர். மார்பியஸின் முகங்களுக்கு இது விளக்கமளிக்கிறது என மறுசாரார் வரவேற்றனர்.

மதிப்பீடு

டைம்லெஸ் சில்ட்ரன் பழைய கதையுடன் முரண்படுகிறது என்னும் குற்றச்சாட்டு வலுவற்றது. டெட்லி அசாசினும் வெளியானபோது டைம் லார்டுகளைச் சிறுமைப்படுத்தியதாக ரசிகர்களால் கண்டிக்கப்பட்டது. இன்று அது செவ்வியல் கதைகளில் ஒன்று. நேற்றைய மீறல் இன்றைய மரபாகியிருக்கிறது.

2020-ன் மாற்றத்தின் உண்மையான குறை வேறு. தன் உலகின் சலிப்பிலிருந்து தப்பியோடிய சாதாரணர் ஒருவர், தன் தேர்வுகளால் நாயகராவதே தொடரின் சாரம். பிறப்பிலேயே தனித்தன்மை கொண்டவராக்கும்போது அத்தேர்வுகளின் எடை குறைகிறது. தொடர்ச்சியைப் பேணுவது தகவல்களைச் சரிபார்ப்பது மட்டுமல்ல. கதாபாத்திரம் முன்பு செய்தவற்றுக்குப் பொருள் இருக்கச்செய்வதே அதன் பயன். புதிய கதை அப்பொருளை விரிவாக்குகிறதா, குறைக்கிறதா என்பதே முரண்களை மதிப்பிடும் அளவுகோலாக இருக்கமுடியும்.