கட்சி மாறின ரகுவும் டிராக்டர் ஓட்டின யசோதையும்

எங்கள் செங்கல்பட்டுக் கூட்டாளிகளுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. 2022 செஸ் ஒலிம்பியாட் எந்த ஊரில் நடந்தது? உலகம் பூராவும் ‘சென்னை ஒலிம்பியாட்’ என்றுதான் எழுதினார்கள். தொடக்க விழா நேரு உள்விளையாட்டரங்கில். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட நேப்பியர் பாலமும் சென்னையில்தான். ஆனால் காய் நகர்த்தினது எல்லாம் மாமல்லபுரம் பூஞ்சேரியில். அது செங்கல்பட்டு மாவட்டம் சார். குகேஷ் வரிசையாக எட்டு ஆட்டம் ஜெயித்ததும், அந்த எட்டாவதில் கருவானாவை வீழ்த்தியதும், பத்தாவது சுற்றில் அப்துசத்தோரோவிடம் கையில் இருந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டதும் எங்க மண்ணுலதான். பேர் மட்டும் சென்னைக்கு.

இதை நான் சொன்னால் உடனே காஞ்சிபுரத்து நண்பர் ஒருத்தர் குறுக்கே விழுவார். 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரம் வந்தபோது அது காஞ்சிபுரம் மாவட்டம். அடுத்த மாதம் 29ஆம் தேதி எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. “சீன அதிபர் எங்க கணக்கு, குதிரை பொம்மை உங்க கணக்கு” என்பார். வேட்டி கட்டின அந்தக் குதிரைக்கு ‘தம்பி’ன்னு பேர் வச்சது அவருக்கு இன்னும் வசதியாப் போச்சு. நான் விடாமல் சதுரங்கப்பட்டினத்தை இழுப்பேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி, டச்சுக்காரர்கள் கோட்டை கட்டின ஊர். பேரிலேயே சதுரங்கம் இருக்கே! ஊர்ப் பேருக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இருந்தே ஆகவேண்டும் என்று ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும். அரட்டையில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

இப்படிப்பட்ட ஊர்ச்சண்டை அரட்டையைத் தமிழ் சினிமாவில் ஒரு முழுப்படமாக்கிக் காட்டினது வெங்கட் பிரபுவின் ‘சென்னை 600028’. அதைப் போன மாதம் மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். அடுத்த நாளே ‘லப்பர் பந்து’. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் முதல் படத்தின் மேல் எனக்கு இருந்த பாசம் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. அதைப் பற்றித்தான் இது.

‘சென்னை 600028’ வெளியானது 2007 ஏப்ரல் 27. அந்தத் தேதிக்கு ஒரு முக்கியத்துவம் இருக்கு. மார்ச் 17 அன்று உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் தோற்றோம். 23ஆம் தேதி இலங்கையிடம் தோற்று, முதல் சுற்றோடு மூட்டையைக் கட்டினோம். டிராவிட், சச்சின், கங்குலி எல்லாரும் இருந்த அணி. படம் வந்த மறுநாள்தான் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நாம் இல்லாத ஃபைனல். பெரிய கிரிக்கெட் மேல் வெறுப்பில் இருந்த ஜனங்களுக்கு முன்னால் ஒரு படம் வந்து, ‘அதை விடு, உன் தெரு கிரவுண்டுக்கு வா’ என்றது. ஐபிஎல் தொடங்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. மஞ்சள் சட்டை என்றால் ஆட்டோக்காரர் என்றுகூட நினைக்காத காலம், ஏன்னா ஆட்டோக்காரர் போடறது காக்கி.

கதை தெரிந்ததுதான். ராயபுரம் ராக்கர்ஸில் ஆடுகிற ரகு (ஜெய்) வீடு மாறி விசாலாட்சி தோட்டத்துக்கு வருகிறான். அது ஜென்மப் பகையான ஷார்க்ஸ் அணியின் ஏரியா. கடைசியில் ஷார்க்ஸுக்கே ஆடுகிறான். இதற்கு நடுவே காதல், தங்கச்சி விவகாரம், நண்பர்கள் முறைத்துக்கொள்வது, பொடிப்பசங்களோடு பெட் மேட்ச் வைத்து மானம் போவது. கதை என்று எடுத்தால் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். படம் நிற்பது பேச்சில். ஒருத்தன் பேசி முடிக்கும் முன் இன்னொருத்தன் காலை வாருவான். யாரும் ஹீரோ இல்லை. சிவா முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொண்டு பேசுகிற ஒவ்வொரு வரியும் நம்ம கூட்டத்தில் யாரோ ஒருத்தன் பேசினதுதான்.

இந்த வகைப் பேச்சுக்கு எங்க ஊர்க்காரங்க ஒரு பாட்டன் சொத்து உரிமை கொண்டாடுவோம். இயக்குநர் ஶ்ரீதரும் சித்ராலயா கோபுவும் செங்கல்பட்டில் ஒன்றாகப் பள்ளியில் படித்த நண்பர்கள். அந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதான் 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’. படமே எடுக்காமல் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ நடத்துகிற நாகேஷ், பாலையாவை உட்கார வைத்துப் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பாருங்கள். கதை சொல்பவனைவிடக் கேட்பவனின் முகம்தான் காமெடி. சின்ன வயசிலிருந்து ஒருத்தரை ஒருத்தர் கலாய்த்தவர்களுக்குத்தான் அந்தத் தாளம் வரும் என்பது என் கட்சி. இதுக்கு ஆதாரம் கேட்காதீங்க, ஊர்ப்பாசம்.

சரி, ரகுவுக்கு வருவோம். படம் பார்க்கிற எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அவன் எதிரணிக்குப் போனதைத்தான். எங்கள் கூட்டத்திலும் ஒரு ரகு இருக்கிறான். 1994இல் அவன் குடும்பம் எங்கள் தெருவிலிருந்து தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு மாறியது. செங்கல்பட்டில் தண்டவாளம் என்பது சாதாரண எல்லை இல்லை, பழைய கோட்டையையே இரண்டாகப் பிளந்துகொண்டு போகிற கோடு. அடுத்த பொங்கல் மேட்சில் அவன் எதிரணிக்குப் பந்து போட்டான். முதல் ஓவரிலேயே என் ஸ்டம்பு பறந்தது. அன்றைக்கு வைத்த பேர் ‘கட்சி மாறி’. முப்பது வருஷமாக அந்தப் பேர்தான். அவன் கல்யாணத்தில் மைக்கில் சொன்னோம். அவன் மகளுக்குக்கூடத் தெரியும்.

2007இல் படம் வந்தபோது எல்லோரும் அவனைத்தான் கூப்பிட்டுக் கலாய்த்தோம். அவனும் சிரித்தான். போன மாதம் நான் மறுபடி பார்த்துவிட்டு வழக்கம்போல் “கட்சி மாறி, உன் படம் ஓடுது” என்று செய்தி அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. “படத்துல ரகு எப்படா ஷார்க்ஸுக்குப் போறான்? பழைய பசங்க அவனை மறந்த பிறகுதானே. நான் வீடு மாறி மூணு வாரம் சைக்கிளை வாசல்ல வச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தனும் வந்து கூப்பிடல.”

அதைப் படித்த பிறகு படத்தின் முதல் பாதியை மறுபடி ஓட்டினேன். அவன் சொன்னது சரி. ரகுவின் தனிமையைப் படம் மறைக்கவே இல்லை. புது இடம் பிடிக்காமல், பழைய நண்பர்களும் கைக்கு எட்டாமல் அவன் நிற்பது வெளிப்படையாகவே இருக்கிறது. இத்தனை வருஷமாக நாங்கள்தான் அதைப் பார்க்கவில்லை. ‘துரோகி’ ஜோக்குக்கு எது தேவையோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டோம். இது வெங்கட் பிரபுவின் தப்பில்லை. ஆனால் படமும் எங்களுக்குத் துணைபோகிறது. சோகம் ஒரு நிமிஷம் நின்றால் அடுத்த நிமிஷம் பிரேம்ஜியை அனுப்பிவிடுகிறது.

2025 நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை சென்னை வாங்கியபோது யாராவது ஜடேஜாவைத் துரோகி என்று சொன்னார்களா? 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் சிக்சரும் ஃபோரும் அடித்த ஆள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: அவர் போகல, அனுப்பிட்டாங்க. அந்தச் சலுகையைப் பதினான்கு வயசுப் பையன் ஒருத்தனுக்கு நாங்கள் கொடுக்கவில்லை. அவன் அப்பா வீடு மாற்றினதுக்கு அவன் என்ன செய்வான்?

இன்னொரு விஷயம்தான் என்னை அதிகமாக உறுத்தியது. ‘சென்னை 600028’இல் அணியில் சேர இரண்டு தகுதி போதும். ஏரியாக்காரனாக இருக்கணும், ஆட்டம் தெரியணும். ரகுவுக்கு இரண்டாவது இருந்ததால் முதலாவது தானாக வந்துவிட்டது. ‘ஏரியா’ என்ற அந்தச் சொல் படத்தில் ரொம்ப வேலை செய்கிறது. அதற்குள் யார் எந்தத் தெரு, எந்தச் சாதி என்ற கேள்வியே எழாது. நகைச்சுவைப் படத்திடம் இதைக் கேட்கலாமா என்று 2007இல் நானே வாதாடியிருப்பேன். பெரிய நகரத்தில் அதெல்லாம் யார் பார்க்கிறா என்றும் சொல்லியிருப்பேன்.

தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’ (2024 செப்டம்பர்) சரியாக அந்த இடத்தில் கை வைக்கிறது. ஹரிஷ் கல்யாண் நடித்த அன்புவுக்குச் சின்ன வயசிலிருந்தே ஆட்டம் தெரியும். ஜாலி ஃபிரண்ட்ஸ் அணிக்கு ஆள் வேண்டும். ஆனாலும் இடம் கிடையாது. ஆட்டம் தெரிந்தால் போதும் என்ற நம்பிக்கையை முதலிலேயே உடைத்துவிட்டுத்தான் படம் காமெடிக்குப் போகிறது. அங்கேயும் அரட்டை உண்டு, சொல்லப்போனால் மொத்தப் பகையுமே ஓர் அரட்டையில்தான் பிறக்கிறது. கெத்துவின் (தினேஷ்) ஆட்டத்தில் இருக்கிற ஓட்டையைப் பற்றி அன்பு ஓரமாக நின்று சொன்ன ஒரு வார்த்தை. நண்பன் சொல்லியிருந்தால் கலாய்ப்பு. வேற்றாள் சொன்னதால் அவமானம்.

எங்கள் அணியிலும் ஒரு பையன் இருந்தான். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து வருவான். பந்து தண்ணீரில் விழுந்தால் அவன்தான் இறங்குவான். சாயங்காலம் சும்மா ஆடும்போது எங்கள் எல்லோரையும்விட வேகமாகப் போடுவான். பெட் மேட்ச் என்று வந்தால் மட்டும் பதினொரு பேரில் அவன் இருக்கமாட்டான். ஒப்புக்குச் சப்பாணி. அவனை விட்டது ஏன் என்று நாங்கள் ஒருநாளும் பேசினதில்லை, பேச வேண்டிய அவசியம் வந்ததில்லை. முப்பது வருஷ அரட்டையில் ‘கட்சி மாறி’ ஆயிரம் தடவை வந்திருப்பான். இந்தப் பையன் பேர் ஒரு தடவை வந்ததாக எனக்கு நினைவில்லை.

அதற்காக ‘லப்பர் பந்து’ குறையில்லாத படம் என்று சொல்லமாட்டேன். முடிச்சுகளை எல்லாம் ஒரே மேட்சில் அவிழ்க்கப் பார்க்கிற அவசரம் அதற்கு உண்டு. தோல்வியை இன்னும் நேர்மையாகக் காட்டியது வெங்கட் பிரபுதான். இத்தனை சவடாலுக்கும் பிறகு ஃபைனலில் எதிரே வந்து நிற்பது தங்களைச் சந்தி சிரிக்க வைத்த அதே பொடிப்பசங்கள் என்று முடித்தாரே, அதுக்கு ஈடா ஒரு கிரிக்கெட் பட முடிவு தமிழ்ல வரல.

ஆனால் 2016 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்தை இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அப்போது சென்னை சூப்பர் கிங்ஸுக்கே தடை. தோனி புனேக்கு ஆடிக்கொண்டிருந்தார். எங்களில் பாதிப்பேர் எந்த அணி என்று தெரியாமல் முழித்த வருஷம். ‘யாருக்கு விசுவாசம்’ என்ற கதைக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் வராது. படமோ கல்யாணமான ஆண்களின் புலம்பலில் போய்ச் சிக்கிக்கொண்டது. மனைவி என்றால் கிரவுண்டுக்குப் போக விடாதவள், அவ்வளவுதான்.

‘லப்பர் பந்து’வும் அதே ஜோக்கில்தான் ஆரம்பிக்கிறது. கெத்துவின் மனைவி யசோதை (ஸ்வாசிகா) டிராக்டரைக் கொண்டுவந்து பிட்ச்சையே உழுதுவிடுகிறாள். தியேட்டரில் விசில். கொஞ்சம் கொஞ்சமாக அவள் கோபத்துக்குக் காரணம் புரியும்போது அந்த விசில் அடங்கிவிடுகிறது. உழைப்பு அவளுடையது, பேர் அவனுடையது. என் மனைவி அந்தக் காட்சியில் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எங்கள் வீட்டிலும் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது.

விஜயகாந்த் விஷயத்தையும் சொல்லணும். அவர் மறைந்தது 2023 டிசம்பர் 28. ஒன்பது மாதத்தில் இந்தப் படம் வந்தது. கெத்து அவருடைய ரசிகன். ‘பொன்மனச் செல்வன்’ படத்து இளையராஜா பாட்டுத்தான் அவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஒலிப்பது. செங்கல்பட்டில் நான் பார்த்த காட்சியில் அந்தப் பாட்டுக்கு எழுந்து நின்றவர்களில் எல்லா ஏரியாக்காரனும் இருந்தான். ராஞ்சிக்காரரை ‘தல’ என்று கூப்பிடுகிறோமே, அதே மாதிரி. பின்கோடு பார்க்காமல் ஒரு ஆளுக்குக் கைதட்டத் தெரிந்த நாங்கள், பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் தெரு பார்த்தோம்.

‘கட்சி மாறி’க்கு நான் ஒரு மன்னிப்புச் செய்தி எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினேன். அவன் அதற்குப் பதில் போடவில்லை. இரண்டு நாள் கழித்து, “லப்பர் பந்து பாத்துட்டேன். ஏரிப் பக்கத்துப் பையன் இப்ப எங்க இருக்கான், யாருக்காவது தெரியுமா?” என்று கூட்டத்தில் கேட்டிருந்தான். அதைப் பதினாறு பேர் படித்திருந்தோம்.

கடைசியில் காஞ்சிபுரத்துக்காரர்தான் முதலில் எழுதினார். அவர் எங்கள் தெருவே இல்லை. “பேர் சொல்லுங்க, தேடிப் பாக்கலாம்.” நாங்கள் அவனைக் கூப்பிட்ட பட்டப்பேர் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதை இங்கே எழுத முடியாது. உண்மையான பேர் இதுவரை யாரும் சொல்லவில்லை.