பலகைத் தொட்டியில் ஸ்ட்ராபெரி

ஊட்டியில் உறைபனி புல்லை வெளுக்க வைக்கும் மார்கழிக் காலையிலும், பழைய பலகைகளை அறைந்து செய்த தொட்டியில் ஸ்ட்ராபெரிச் செடி பச்சையாக நிற்கும். இரவில் சாக்குப் போர்த்தி, வெயில் ஏறியதும் விலக்கும் அந்தப் பொறுமைக்கே பாதிப் பாராட்டு. நாற்றின் குருத்து மண்ணில் புதையக் கூடாது, வேரும் வெளியே தெரியக் கூடாது. அந்த அளவு விரல் நுனிக்குத்தான் தெரியும். மழை எவ்வளவு அடித்தாலும் உயர்ந்த தொட்டியில் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். காய் சேற்றில் படாதிருக்க அடியில் வைக்கோல்.

பறித்த பிறகு பழம் இனிப்பேறுவதில்லை. காம்புப் பக்கத்து வெளுப்பும் மறைந்து முழுக்கச் சிவக்கும்வரை செடியிலேயே விட வேண்டும். காம்போடு கிள்ளினால் மெல்லிய ‘டிக்’. கடித்தால் பொடி விதைகள் பல்லில் நறநறக்க, கடைப்பழத்தில் அபூர்வமாகவே கிடைக்கிற மணம் மூக்குவரை ஏறும்.