90 நாள் ஆயுசு

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் சான்றிதழ் அல்ல இது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகத் தரும் இணையதளச் சான்றிதழுக்கு வழக்கமான ஆயுசு 90 நாள்தான். அந்தக் குறுகிய ஆயுசுதான் எனக்குப் பிடித்தது.

கெடு முடிய 30 நாள் இருக்கும்போதே சர்வரில் உள்ள சர்ட்பாட் என்ற நிரல் புதுச் சான்றிதழ் கேட்கும். லெட்ஸ் என்க்ரிப்ட்காரர்கள் ஒரு டோக்கன் தருவார்கள். தளத்தில் குறிப்பிட்ட இடத்தில் அதை வைத்தால், வெளியிலிருந்து வந்து படித்துவிட்டு, ‘சரி, தளம் உன் கையில்தான்’ என்று ஒப்புக்கொள்வார்கள். சான்றிதழுக்குரிய ரகசியச் சாவியான பிரைவேட் கீ சர்வரை விட்டு அசைவதே இல்லை! நிர்வாகி தூக்கத்தில் இருக்கும்போதே எல்லாம் முடிந்திருக்கும். சாவி திருடு போனாலும் திருடனுக்கு அதிக நாள் உதவாது.

2029 மார்ச் 15 முதல் வழங்கப்படும் எந்தப் பொது இணையதளச் சான்றிதழுக்கும் உச்சவரம்பு 47 நாள். காலாவதித் தேதிகளை இன்னும் எக்செல்லில் குறித்து வைத்திருப்பவர்களே, இப்போதே தானியங்கிப் புதுப்பித்தலுக்கு மாறிவிடுங்கள்.