வாசல் போதாத படகு

நாலு வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதிய ஒரு தொடர்கதையில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் வருகிறார். கடற்கரை ஊர்க்காரர். வீட்டின் பின்கட்டில் விறகு அடுக்கும் கொட்டகையைக் காலி செய்துவிட்டு, தம் கையாலேயே ஒரு வள்ளம் கட்டுகிறார். மனைவி பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளை சிரிக்கிறான். கடைசியில் வள்ளம் கடலில் இறங்குகிறது. வாசகர்களுக்குப் பிடித்திருந்தது என்றுதான் வந்த கடிதங்கள் சொல்லின.

புத்தகமாக வெளிவந்த பிறகு, ஒரு நாள் காலை, ஒரு பெரியவர் வீடு தேடி வந்தார். எழுபது வயதிருக்கும். வள்ளமும் தோணியும் கட்டுகிற குடும்பத்து ஆசாரி. பேரன் கதையைப் படித்துக் காட்டினானாம். காப்பி குடித்து முடிக்கிற வரையில் மழை, மகன் வேலை என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, கதை நல்லாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க ஆளு மொத நாளே பலகையை எடுத்து ஆணி அடிக்கிறாரே, எதுமேல வச்சு அடிக்கிறாரு?"

எனக்கு விளங்கவில்லை. விழித்தேன்.

"ஏராக்கட்டை போட்டதா ஒரு வரிகூட இல்லையே. காத்துமேல வச்சா அடிச்சாரு? தப்பா எடுத்துக்கிடாதீங்க."

ஏரா என்பது படகின் அடிமரம். மனிதனுக்கு முதுகெலும்பு எப்படியோ, படகுக்கு அது அப்படி. அது இல்லாமல் மேலே ஒரு பலகையும் ஏறாது. அவர் போன பிறகு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். படகு கட்டும் வேலை முழுவதும் பதினோரு வரி. அந்தப் பதினோரு வரிக்குள் 'இரவு பகலாக உழைத்தார்' என்பது இரண்டு தடவை வந்திருந்தது.

இது வெறும் தகவல் பிழை என்றால் ஒரு வரியைச் சேர்த்துத் தீர்த்துவிடலாம். விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. என் கதையில் அந்த மனிதருக்கு வள்ளம்தான் வாழ்க்கை. வாழ்க்கையைப் பதினோரு வரியில் முடித்துவிட்டு, மனைவியின் கண்ணீருக்கு ஒன்பது பக்கம் கொடுத்திருக்கிறேன். வேலையை எப்படி எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை என்பதுதான் பெரியவர் கேட்ட கேள்வியின் அர்த்தம். தெரிந்தவர்கள் எப்படி எழுதினார்கள் என்று பார்ப்பதற்காக அலமாரியைத் திறந்தேன்.

முதலில் கைக்கு வந்தது ராபின்ஸன் குரூஸோ. டானியல் டீஃபோ 1719இல் வெளியிட்டது. நம்மில் பலர் இதைப் பள்ளிக்கூடத்தில் சுருக்கப் பதிப்பாகப் படித்தவர்கள். நான் படித்த சுருக்கத்தில், குரூஸோ ஒரு படகு செய்தான், அது கனமாக இருந்தபடியால் நகர்த்த முடியவில்லை என்று இரண்டு வாக்கியம் இருந்ததாக ஞாபகம். முழுப் புத்தகத்தில் நடப்பது வேறு.

அடியில் கிட்டத்தட்ட 6 அடி குறுக்களவுள்ள ஒரு தேவதாரு மரத்தைக் குரூஸோ தேர்ந்தெடுக்கிறான். அதை அடியில் வெட்டிச் சாய்க்க 20 நாள். கிளைகளைக் கழிக்க இன்னும் 14 நாள். வெளிப்புறத்தைப் படகின் உருவத்துக்குச் செதுக்க ஒரு மாதம். உள்ளே குடைந்தெடுக்க ஏறக்குறைய மூன்று மாதம். அதுவும் நெருப்பு வைத்துச் சுடாமல், சுத்தியலாலும் உளியாலுமே. முடிந்தபோது 26 பேர் ஏறக்கூடிய படகு. தண்ணீர் இருப்பது சுமார் 100 கஜ தூரத்தில்தான். ஆனால் நடுவில் மேடு. மேட்டை வெட்டிச் சரிவாக்குகிறான். படகு அசையவில்லை. சரி, படகு தண்ணீருக்கு வராவிட்டால் தண்ணீரைப் படகுக்குக் கொண்டுவருவோம் என்று வாய்க்கால் வெட்டக் கணக்குப் போடுகிறான். ஒற்றை ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பிடிக்கும் என்று தெரிகிறது. விட்டுவிடுகிறான்.

இதில் அலங்கார வார்த்தை ஒன்றுகூட இல்லை. 'இரவு பகலாக' இல்லை. நாள் கணக்கு மட்டும் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கைக் கூட்டிக்கொண்டே போகும் வாசகனுக்கு, படகு அசையாத இடத்தில், தன் தோளே வலிக்கிறது. முதல் நாளே 'இதை எப்படி இறக்குவது?' என்ற கேள்வி குரூஸோவின் மனசில் எழத்தான் செய்தது. முதலில் கட்டி முடிப்போம், அப்புறம் வழி பிறக்காமலா போகும் என்று அவனே அதை அமுக்கிவிட்டான். அந்தத் தவறுக்குள்ளேயே மனுஷனுடைய சுபாவம் முழுவதும் வந்துவிடுகிறது. மகளுக்கு வரன் பார்ப்பது முதல் சீட்டுக் கட்டுவது வரை நாம் செய்வதும் இதைத்தானே?

டீஃபோவுக்கு இது எங்கிருந்து கிடைத்தது? 1692இல் வியாபாரத்தில் திவாலானவர் அவர். அப்புறம் டில்பரியில் செங்கலும் ஓடும் சுடும் தொழில் நடத்தி, அதையும் இழந்தவர். நாவல் எழுத உட்கார்ந்தபோது வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. முதலைப் போட்டுவிட்டு வாசலை அளக்க மறந்த அனுபவம் அவருக்குச் சொந்தமாகவே இருந்தது.

கொட்டகைக்குள் படகு கட்டி வாசல் வழியே வெளியே எடுக்க முடியாமல் திண்டாடியவனைப் பற்றி வேடிக்கையாகப் பேசுவது வழக்கம். அந்த வேடிக்கைக்கும் குரூஸோவின் படகுதான் மூதாதை. இலக்கியத்திலேயே அதற்குச் சாட்சி உண்டு. 1766இல் வெளிவந்த கோல்ட்ஸ்மித்தின் 'வேக்ஃபீல்டு பாதிரியார்' நாவலில், பக்கத்து வீட்டாரை மிஞ்ச வேண்டும் என்று பாதிரியார் குடும்பம் முழுவதும் சேர்ந்து ஒரே பெரிய படமாக எழுதிக்கொள்கிறது. எழுதி முடித்த பிறகுதான் அந்த வீட்டின் எந்தக் கதவு வழியாகவும் படம் நுழையாது என்று தெரிகிறது. சமையலறைச் சுவரில் சாய்ந்தபடியே கிடக்கிறது. பார்த்த அக்கம்பக்கத்தாரில் ஒருவர் அதைக் குரூஸோவின் படகுக்கு ஒப்பிடுகிறார். 47 வருஷத்துக்குள் டீஃபோவின் படகு பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் பழமொழியாக்கியவர்கள் பாதியை விட்டுவிட்டார்கள். டீஃபோ ஒரு படகோடு நிறுத்தவில்லை. இரண்டாவதாக ஒரு சின்னப் படகு செய்கிறான் குரூஸோ. இந்தத் தடவை வாய்க்காலும் வெட்டுகிறான்: அகலம் 6 அடி, ஆழம் 4 அடி, நீளம் ஏறக்குறைய அரை மைல். கிட்டத்தட்ட இரண்டு வருஷ வேலை. படகு மிதக்கிறது, ஆனால் தீவைவிட்டுத் தப்பிப் போக அது போதாது. மூன்றாவது படகு, ஃபிரைடே வந்த பிறகு. மரத்தைத் தேர்ந்தெடுப்பவன் ஃபிரைடே. எந்த மரம் உதவும் என்று அவனுக்குத்தான் தெரியும் என்று எஜமானனே ஒப்புக்கொள்கிறான். ஒரு மாதத்தில் படகு தயார். உருளைக்கட்டைகள் மேல் அங்குலம் அங்குலமாகத் தள்ளித் தண்ணீரில் இறக்க ஏறக்குறைய இரண்டு வாரம். 20 பேர் ஏறலாம்.

பேராசைப் படகு, பயந்த படகு, துணையோடு கட்டிய படகு. இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் குரூஸோவின் கதை முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. இவ்வளவு தனிமைக்குப் பிறகும் எஜமானன் தோரணை அவனைவிட்டுப் போகவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் மரத்தைப் பற்றிய அறிவு யாரிடம் இருந்தது என்பதை டீஃபோ மறைக்கவில்லை. தத்துவம் பேசாமல், உளியையும் உருளைக்கட்டையையும் மட்டும் காட்டி இதைச் சாதித்திருக்கிறார்.

அடுத்து எடுத்தது தோரோ. 1839இல் தோரோவும் அண்ணன் ஜானும் தங்கள் கையால் கட்டிய படகில் ஆற்றுப் பிரயாணம் போனார்கள். ஒரு வார உழைப்பு. 15 அடி நீளம், மூன்றரை அடி அகலம். கீழே பச்சை வர்ணம், மேலே நீலக் கரை. பத்து வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. தோரோவிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். படகின் அளவையும் நிறத்தையும் சொல்கிறார். கட்டிய அந்த ஒரு வாரத்தைச் சொல்லவில்லை. சகோதரர்கள் இருவர் ஒரு பலகையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்ற அந்த வாரம் எங்கே? ஜான் 1842இல் இறந்துபோனார். அதே வருஷம் படகை 7 டாலருக்கு நாதானியல் ஹாதார்ன் என்ற நாவலாசிரியருக்குத் தோரோ விற்றுவிட்டார். தம்பியின் துக்கம் புத்தகத்தில் எங்கும் மறைந்து ஓடுகிறது என்று விமரிசகர்கள் சொல்வார்கள். இருக்கலாம். அந்தக் கொட்டகை வேலையை நாலு பக்கம் எழுதியிருந்தால் அது மறைந்து ஓட வேண்டியதில்லை என்பது என் கட்சி.

மூன்றாவது, ஜோஷுவா ஸ்லோகம். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத கப்பல் தலைவர். பாய்க்கப்பல்களின் காலம் போய்விட்டபடியால் வேலையில்லாமல் இருந்தவருக்கு ஒரு நண்பர், ஒரு கப்பல் தருகிறேன், கொஞ்சம் பழுது பார்க்க வேண்டும் என்றார். அமெரிக்காவில் ஃபேர்ஹேவன் என்ற ஊருக்குப் போய்ப் பார்த்தால், கடலுக்குத் தள்ளி ஒரு வயலில், முட்டுக்கொடுத்துக் கித்தானால் மூடி, ஒரு ஓட்டைப் படகு நிற்கிறது. பேர் 'ஸ்ப்ரே'. நண்பர் வேடிக்கை செய்திருக்கிறார் என்று புரிகிறது. ஸ்லோகம் கோடாரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு ஓக் மரத்தை வெட்டப் போகிறார். அடிமரம்தான் முதல் வேலை! நம் ஆசாரிப் பெரியவர் இதைப் படித்திருந்தால் தலையை ஆட்டியிருப்பார்.

இளமரக் கழிகளைச் சீவி, ஆவிப்பெட்டியில் வேகவைத்து, துவளும் பதத்தில் ஒரு கட்டைமேல் வளைத்துக் கட்டி விலாக்களாக்குகிறார். ஒன்றரை அங்குலப் பைன் பலகைகளை அதன்மேல் பொருத்துகிறார். பலகை இடுக்குகளில் கலப்பற்று அடைக்கிறபோது முதலில் பஞ்சு நூலை வைத்து அடிக்கிறார். அதைப் பார்த்தவர்கள், பஞ்சு நிற்காது, பிதுங்கி வெளியே வரும் என்கிறார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றே: இதனால் ஏதாவது வருமானம் உண்டா? செலவு 553 டாலர் 62 சென்ட். உழைப்பு 13 மாதம். தலைமரத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த ஓக், பிற்பாடு கீலிங் தீவருகே ஒரு பவளத்திட்டை இரண்டாகப் பிளந்தும் காயம் படவில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறார். 1895 முதல் 1898 வரை அந்தப் படகில் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றி வந்தார். அப்படிச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான். கதை 1899, 1900 ஆண்டுகளில் ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது. தொடர்கதை வாசகர்களுக்குப் பலகையும் பஞ்சும் அலுத்துவிடும் என்று நம் பத்திரிகாசிரியர்கள் நினைப்பதற்கு இதுவே பதில்.

ஸ்லோகமுடைய அத்தியாயம் உயிரோடு இருப்பதற்குக் காரணம், பொருளின் எதிர்ப்பும் ஊராரின் எதிர்ப்பும் ஒரே இடத்தில் வருவதுதான். மரம் வளைய மறுக்கிறது. ஊர் நம்ப மறுக்கிறது. என் கதையில் ஊரார் மட்டும் இருந்தார்கள். மரம் ஊமையாக இருந்தது.

அப்படியானால் படகு கட்டும் செய்முறைப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு எழுதிவிடலாமே என்று கேட்கலாம். அத்தகைய புத்தகங்களை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. 1963இல் இங்கிலாந்தில் ஒரு தினசரிப் பத்திரிகையின் ஆதரவில் 'மிர்ரர்' என்ற சின்னப் பாய்ப்படகு விற்பனைக்கு வந்தது. வெட்டிய பிளைவுட் துண்டுகளைப் பெட்டியாக அனுப்பினார்கள். தாமிரக் கம்பியால் துண்டுகளைத் தைத்து, மூட்டுகளைப் பிசினாலும் கண்ணாடி நாராலும் ஒட்ட வேண்டும். 10 அடி 10 அங்குலம் நீளம். குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டினார்கள். இதுவரை 70,000க்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன. நாவல் எத்தனையோ பேரைப் படகைப் பற்றிக் கனவு காணவைத்தது. இது கட்டவே வைத்தது.

ஆனாலும் செய்முறைப் புத்தகத்தில் தவறுக்கு இடம் கிடையாது. அடுத்தது என்ன என்று அது சொல்லும். அடுத்ததைச் செய்ய முடியாமல் ஒருவன் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்த சாயங்காலத்தை அது சொல்லாது. அந்தச் சாயங்காலம் நாவலாசிரியனுடையது. அதை எழுதுவதற்கும் வேலையின் வரிசை தெரிந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் கை நின்றது என்று தெரியாதவனால், ஏன் நின்றது என்று எப்படிச் சொல்ல முடியும்?

நம் நாவல்களில் மனிதர்கள் காதலிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், காப்பி குடிக்கிறார்கள். வேலை செய்வது மட்டும் இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவில், நம் கண்ணுக்குப் படாமல் நடந்துவிடுகிறது. விதிவிலக்குகள் உண்டு. அவை விதிவிலக்குகளாகவே இருக்கின்றன. இதை மற்றவர்களைச் சுட்டிச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பதினோரு வரிக்காரன் நான்தான்.

இரண்டாம் பதிப்பு வந்தபோது பெரியவருடைய ஊருக்குப் போனேன். அவர் பட்டறையில் ஐந்து நாள் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து அந்தப் பகுதியைத் திரும்ப எழுதினேன். பதினோரு வரி பதினாலு பக்கமாயிற்று. மனைவியின் கண்ணீர் ஒன்பதிலிருந்து இரண்டாகக் குறைந்தது. என் குமாஸ்தா இப்போது முதல் காரியமாகக் கொட்டகை வாசலை ஒரு கயிற்றால் அளந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டுகிறார். பிறகுதான் ஏராக்கட்டை.

அந்த இடத்தில் கதை நகராமல் நின்றுவிடுகிறது என்று நண்பர் ஒருவர் குறைப்பட்டார். நிற்கட்டும். அந்தக் கொட்டகையில் அந்த நாட்களில் வேறு எதுவும் நகரவில்லை.