தகர டப்பாவுக்குப் பின்னால்

பட் ஃபாஸ்டரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தகரச் சாப்பாட்டு டப்பாவில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அங்கேயே ஆரம்பிக்கிறேன். ஆனால் எனக்கு அந்த டப்பா மேல் இரண்டு புகார் இருக்கு.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அங்கே ஒரு அணிக்குள்ளேயே இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு: பந்தோடு முன்னேறுகிறவர்கள் ஒன்று, எதிராளியை மறிக்கிறவர்கள் இன்னொன்று. மறிக்கும் பிரிவுக்குத் தனியாக ஒரு பயிற்சியாளர் இருப்பார். தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே அவருக்கு இடம். ஃபாஸ்டர் 1987-ல் ஃபிராங்க் பீமரோடு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1995 முதல் 2019 வரை 25 பருவங்கள் அந்தப் பிரிவு அவர் கையில் இருந்தது. முதல் வருஷம் மட்டும் இன்னொருவரோடு பங்கு. 2006-ல் நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது வாங்கினார். கடைசிவரை எங்கேயும் தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை.

டப்பா வந்தது 1995 வாக்கில். சுரங்கத் தொழிலாளி வேலைக்கு எடுத்துப் போகிற மாதிரி, அடிபட்டு நசுங்கிய ஒன்று. மறிக்கும் பிரிவின் ஆட்டக்காரர் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருவார். தினமும் வேலைக்குப் போ, உன் வேலையைச் செய், இதுதான் சேதி. நல்ல சேதிதான்.

முதல் புகார்: அந்த டப்பா ஃபாஸ்டரின் மூளையை மறைத்துவிட்டது. "கடும் உழைப்பாளி" என்று சொல்லிவிட்டால் அவர் என்ன யோசித்தார் என்று யாரும் கேட்பதில்லை.

2014 செப்டம்பர் 6, ஓஹையோ ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தை எடுத்துக்கோங்க. எதிரணியின் ஜே.டி. பாரெட் புதுசு, அவர் தொடங்கிய இரண்டாவது ஆட்டமே அதுதான். அவருக்கு முன்னால் நின்று காக்கும் வரிசையிலும் பெரும்பாலும் புது ஆட்கள். ஃபாஸ்டர் என்ன செய்தார்? 1980-களில் சிகாகோ பேர்ஸ் அணியில் பட்டி ரயன் பிரபலமாக்கிய பழைய வியூகத்தைத் தூசிதட்டி எடுத்தார். எதிர்வரிசையின் நடு மூன்று பேருக்கும் நேர் எதிரே ஆளுக்கொருவரை நிறுத்தினால், அவர்களால் இரண்டு பேராகச் சேர்ந்து ஒருவரைத் தள்ள முடியாது. கூடவே பல ஆட்களை முன்வரிசைக்கு நெருக்கி நிறுத்தினார். பின்னால் இருக்கிறவர்கள் துணையில்லாமல் தனித்தனியாக ஆளைப் பிடிக்கணும். ஒருத்தர் கோட்டைவிட்டாலும் புள்ளி போயிடும். பெரிய சூதாட்டம். புது ஆள் பதற்றத்தில் அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க மாட்டான் என்பது அவர் கணக்கு. பாரெட் ஏழு முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார், மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தார். 35-21. ஓஹையோ ஸ்டேட் அந்தப் பருவத்தில் தோற்றது அந்த ஒரே ஆட்டம்தான். கடைசியில் தேசியப் பட்டமும் அவர்களுக்கே போனது. இதை வெறும் வியர்வை என்று சொல்ல எனக்கு மனசு வரலை.

அதே பருவம், நவம்பர் 22, வேக் ஃபாரஸ்ட் ஆட்டம். ஒழுங்கான ஆட்ட நேரம் முடிந்தபோது 0-0. ஃபாஸ்டரின் ஆட்கள் ஒரு புள்ளிகூடத் தரவில்லை. கூடுதல் நேரத்தில் 6-3 என்று தோல்வி. மறிப்புப் பயிற்சியாளரின் தொழில் இதுதான்: பூஜ்யம் கொடுத்தாலும் ஜெயிப்பது உன் கையில் இல்லை.

இரண்டாவது புகார் கொஞ்சம் கசப்பானது. அந்த டப்பா கூலித் தொழிலாளியின் அடையாளம். அதைச் சுமந்த பையன்களுக்கோ கூலி கிடையாது. படிப்புக்கான உதவித்தொகை உண்டு, சம்பளம் இல்லை. தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கக்கூட 2021 ஜூலையில்தான் விதி இடம்கொடுத்தது. பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுப்பது 2025-ல்தான் தொடங்கியது. உழைப்பின் பெருமையைப் போதித்த பயிற்சியாளர்கள் பல லட்சம் டாலர் வாங்கிய காலம் அது. ஃபாஸ்டரை மட்டும் குற்றம் சொல்லலை. விதியை அவர் எழுதவில்லை. ஆனால் அந்தச் சின்னம் பார்க்க அவ்வளவு நேர்மையாக இருந்ததால்தான் கூலி எங்கே என்று கேட்க நமக்கும் தோன்றவில்லை. ரசிகனாக, நானும் ரொம்ப நாள் கேட்கலை.

சரிவையும் சொல்லணும். 2018-ல் ஓல்ட் டொமினியன் என்ற சிறிய அணி அவர் பிரிவுக்கு எதிராக 49 புள்ளி எடுத்தது. 1992-க்குப் பிறகு வர்ஜீனியா டெக் வெற்றியைவிட அதிகம் தோற்ற முதல் பருவம் அது. 2019 ஆகஸ்டில், இதுவே கடைசிப் பருவம் என்று அறிவித்தார். செப்டம்பரில் டியூக் 45-10 என்று அடித்தது. முடிஞ்சது கதை என்றுதான் நானும் நினைத்தேன்.

நவம்பரில் ஜார்ஜியா டெக்குக்கு எதிராக 45-0. அடுத்த வாரம், சொந்த மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டம்: பிட்ஸ்பர்க், 28-0. அதற்கடுத்த இரண்டு ஆட்டமும் தோல்விதான், 39-ம் 37-ம் விட்டுக்கொடுத்து. விசுவாசி, உழைப்பாளி என்ற பாராட்டுகள் இந்த ஏற்ற இறக்கம் எதையும் விளக்காது. அவரைத் தெரிஞ்சுக்கணும்னா டப்பாவைப் பார்க்காதீங்க. அந்த 2014 ஓஹையோ ஆட்டத்தில், பந்து நகர்வதற்கு முந்தைய இரண்டு நொடிகளில் அவர் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்க.