நலிந்த கார் ஆலைக்கு மக்கள் பணமா? கொல்லிமலை ஏற்றத்தில் ஒரு கணக்கு

கார் செய்யும் ஆலை ஒன்று நட்டத்தில் விழுந்தால், "அரசு கைகொடுக்க வேண்டும், இல்லையேல் ஆயிரக்கணக்கானோர் வேலை இழப்பர்" என்ற குரல் எழுவது வழக்கம். அண்மை ஆண்டுகளில் இக்குரலோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "பெட்ரோல் காரை விட்டு மின்சாரக் காருக்கு மாறட்டும், மாறுவதற்கு அரசு பணம் தரட்டும்" என்பது அது. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் ஒன்றே போலத் தோன்றுகின்றன. உண்மையில் இவை இரு வேறு கேள்விகள். முதலாவது பணக் கணக்கு. இரண்டாவது ஆற்றல் கணக்கு. பணக் கணக்கில் தோற்ற ஆலை, ஆற்றல் கணக்கைக் காட்டி உதவி கேட்கும்போது நாம் சற்று விழிப்பாக இருக்க வேண்டும்.

ஆற்றல் கணக்கை முதலில் போட்டுவிடுவோம். அதற்கு ஏற்ற இடம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. அடிவாரமான காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்துக்கும் மலைமேல் உள்ள ஊர்களுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சமவெளியில் வண்டியின் குறைகள் மறைந்துகொள்ளும். மலையில் அவை மறைய இடமில்லை.

ஆட்களோடு சேர்த்து 1500 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று மேலே ஏறுகிறது. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்குங்கள். 1500 × 9.8 × 1000 = 1 கோடியே 47 லட்சம் ஜூல். பயப்பட வேண்டாம், 36 லட்சம் ஜூல் சேர்ந்தால் வீட்டு மின்மீட்டரில் ஒரு யூனிட். ஆக, காரைத் தூக்கி மலைமேல் வைக்கத் தேவைப்படும் வேலை ஏறத்தாழ 4 யூனிட் மட்டுமே. டயர் உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் இன்னும் சற்றுத் தேவை; அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் அளவு வெப்ப ஆற்றல் உள்ளது. ஆனால் அதில் சக்கரத்தைச் சென்றடைவது நான்கில் ஒரு பங்கு அளவே. மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுகிறது. எனவே தூக்கும் வேலைக்கு மட்டும் 2 லிட்டர் அளவு எரிபொருள் வேண்டும். மின்கார் இதே வேலையை மின்கலத்திலிருந்து 5 யூனிட் எடுத்துச் செய்துவிடும்.

இறங்கும்போது நடப்பது இன்னும் சுவையானது. மேலே ஏற்றி வைத்த அந்த 4 யூனிட் ஆற்றல் எங்கே போகும்? ஆற்றல் அழியாது என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். பெட்ரோல் காரில் அதன் ஒரு பகுதி காற்றிலும் டயரிலும் எஞ்சினிலும் கழிய, மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிறது. முழு 4 யூனிட்டும் வெப்பமானால் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். மலையிறங்கிய வண்டியில் வீசும் கருகல் வாடையின் காரணம் இப்போது விளங்கும். மின்காரில், இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி மின்கலத்துக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஏறச் செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இவ்வாறு மீளலாம்.

மின்கார் வென்றுவிட்டது என்று முடிவுகட்டிவிடலாமா? பொறுங்கள். அந்த யூனிட் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டில் இன்றும் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே வருகிறது. சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் அளவு கரியமில வாயு வெளியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோகிராம். சமவெளியில் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் சிறு மின்காரையும், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காரையும் ஒப்பிட்டால், கிலோமீட்டருக்கு முறையே 100 கிராமும் 128 கிராமும் வருகின்றன. வேறுபாடு உண்டு, விளம்பரங்கள் முழங்கும் அளவுக்கு இல்லை. மலைப் பயணத்தில் தூக்கும் வேலையை மட்டும் பார்த்தால், பெட்ரோலுக்கு 4.6 கிலோகிராம், மின்சாரத்துக்கு, திரும்பக் கிடைப்பதைக் கழித்தால், அதில் பாதி. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக இவ்வேறுபாடு விரியும். மாறுவது நன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. எல்லா இடத்திலும் ஒரே அளவு நன்று அன்று என்பதே நான் சொல்ல வருவது.

இங்கே மறக்கப்பட்ட ஒரு காரை நினைவுகூர வேண்டும். 1993-இல் தில்லி வாகனக் கண்காட்சியில் "லவ்பேர்டு" என்ற இருவர் அமரும் மின்கார் காட்டப்பட்டது. செய்யப்பட்ட இடங்கள் கேரளத்துச் சாலக்குடியும் நம் கோயம்புத்தூரும். ஈய அமில மின்கலம் கொண்டது. செங்குத்தான ஏற்றங்களில் திணறக் கூடியது. மிகச் சிலவே விற்றன. காலத்துக்கு முந்திப் பிறந்த குழந்தை எனலாம். எவ்வளவு பணம் கொட்டினாலும் அன்றைய ஈய மின்கலத்தைக் கொல்லிமலை ஏற்றியிருக்க முடியாது. லித்தியம் மின்கலம் வந்த பிறகே வழி பிறந்தது. உதவியை ஆலைக்குத் தருவதா, ஆய்வுக்குத் தருவதா என்ற கேள்வி அன்றே இருந்தது.

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். உதவி என்றால் காசோலை மட்டும் அன்று. இந்துஸ்தான் மோட்டார்ஸ் பல பத்தாண்டுகள் அம்பாசடரை விற்றது, வெளிநாட்டுக் கார் உள்ளே வராதபடி அரசு எழுப்பிய சுவருக்குப் பின்னால் நின்றுதான். சுவர் இடிந்ததும் தேய்ந்து, 2014 மே மாதத்தில் உத்தர்பாரா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் "ஸ்டாண்டர்டு 2000" என்ற காரைக் கொண்டுவந்தது. புது உடலுக்குள் பழைய எஞ்சின். சில ஆண்டுகளில் கதை முடிந்தது. போட்டியில்லாப் பாதுகாப்பு, புதியதைக் கற்கும் தேவையையே போக்கிவிடுகிறது.

அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனத்தைச் சிலர் எடுத்துக்காட்டுவர். 1979-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் 150 கோடி டாலர் வரை கடனுக்கு உறுதி நிற்க இசைந்தது. 1983-இலேயே கடன் அடைக்கப்பட்டது. நல்ல வெற்றிதான். ஆனால் அதே நிறுவனம் 2009-இல் மீண்டும் திவாலாகி அரசிடம் வந்து நின்றதை அவர்கள் சொல்வதில்லை. பிரிட்டனோ 1975-இல் பிரிட்டிஷ் லேலண்டை அரசுடைமையாக்கிப் பெரும்பணம் செலவிட்டது. அதன் கடைசிப் பெரும் வாரிசான எம்.ஜி. ரோவர் 2005-இல் மூடப்பட்டது.

நமக்கு மிக அருகிலுள்ள பாடம் மறைமலைநகர். 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டுகளில் அது கண்ட நட்டம் 200 கோடி டாலருக்கு மேல். சென்னையிலும் குஜராத்தின் சானந்திலும் சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யும் வசதி இருந்தும், அதில் சிறு பகுதியே பயன்பட்டது. உதவி கிடைக்காததால் வந்த நோய் அன்று இது. வாங்குவோர் இல்லாததால் வந்தது. அதே மாதம், மின் வண்டி போன்ற புதிய நுட்பங்களுக்காக 25,938 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2022 பிப்ரவரியில் தேர்வான நிறுவனங்களுள் ஃபோர்டும் இருந்தது. இங்கே மின்கார் செய்து ஏற்றுமதி செய்யலாமா என்று ஆராய்ந்தது. மே மாதத்தில் வேண்டாம் என்று விலகிக்கொண்டது.

வாசகர்களே, இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அத்திட்டத்தின்படி, வண்டியைச் செய்து விற்ற பிறகுதான் பணம். ஃபோர்டு செய்யவில்லை, எனவே அத்திட்டத்திலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை. முன்கூட்டியே தந்திருந்தால் என்னவாகியிருக்கும்? சானந்து ஆலையை டாடாவின் மின் வண்டிப் பிரிவு 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. அங்கிருந்த தொழிலாளர்க்கும் வேலை தர முன்வந்தது. நிறுவனத்தைக் காப்பாற்றாமலே ஆலையையும் ஆட்களையும் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மறைமலைநகரில் அது நடக்கவில்லை. 2022-இல் கடைசிக் கார் வெளியேறியது. அங்கு வேலை பார்த்தோர் இழப்பீட்டோடு வீடு திரும்பினர். 2025 அக்டோபரில் ஃபோர்டு தமிழக அரசோடு 3,250 கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தம் செய்தது. 2029-இல் அங்கே உற்பத்தியாகப் போவது மின் மோட்டார் அன்று, எஞ்சின்!

எஞ்சின் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பிஸ்டன், வளையம், வால்வு, கியர் என்று கடைந்து தரும் சிறு பட்டறைகள் கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் சென்னைப் புறநகரிலும் நிரம்ப உள்ளன. மின் மோட்டாருக்கு இவற்றில் பெரும்பாலானவை வேண்டாம். பெரிய ஆலை நலிந்தால் செய்தித்தாளில் தலைப்பு வரும். நான்கு கடைசல் எந்திரம் வைத்திருப்பவர் கடையை மூடினால் அடுத்த தெருவுக்கும் தெரியாது. மாற்றத்துக்கு உதவி என்று ஒன்று இருந்தால், அது முதலில் சேர வேண்டிய இடம் இதுதான். புதுப் பணி கற்கவும் புது எந்திரம் வாங்கவும் குறைந்த வட்டிக் கடனாக அது இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத உதவி ஒன்றும் உண்டு. மின்காருக்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல் காருக்கு 40 விழுக்காடு. வரிக்கு முன் 20 லட்சம் ரூபாய் விலையுள்ள காரில் இந்த வேறுபாடு 7 லட்சம் ரூபாய்! கொல்லிமலையில் மிளகும் மரவள்ளியும் சாமையும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடியினர் இந்தக் காரை வாங்கப் போவதில்லை. அவர்கள் மலையிறங்குவது பேருந்திலும் வேனிலும். அவர்கள் வாங்கும் சோப்புக்கும் வரி உண்டு என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த வகையில் 2024 அக்டோபரில் தொடங்கிய 10,900 கோடி ரூபாய் மத்தியத் திட்டம் சரியான பக்கம் திரும்பியது. அதில் காருக்கு மானியம் இல்லை. 14,028 மின் பேருந்துகளுக்கு 4,391 கோடி ரூபாய் உண்டு. குறை என்னவென்றால், அப்பேருந்துகள் 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகையுள்ள பெருநகரங்களை நோக்கியே திட்டமிடப்பட்டன. ஆளோடு 10 டன் எடையுள்ள பேருந்தைக் கொல்லிமலை மேல் ஏற்ற 27 யூனிட் வேண்டும். டீசல் என்றால் தூக்கும் வேலைக்கு மட்டும் 8, 9 லிட்டர். இறங்கும்போது அதில் ஒரு துளியும் திரும்பாது. நாளுக்குப் பலமுறை ஏறி இறங்கும் ஒரு மின் பேருந்து மீட்டுத் தரும் ஆற்றல், வாரம் ஒருமுறை கடைவீதிக்குப் போகும் பல கார்களுடையதைவிட மிகுதி.

ஒரு கார் ஆலை உதவி கேட்டு வந்தால், அதற்குக் கொண்டை ஊசி வளைவில் திரும்பக்கூடிய குட்டையான மலைப் பேருந்தைச் செய்து தரும் வேலையைக் கொடுக்கலாம். முழுச் சுமையோடு காரவள்ளியிலிருந்து செம்மேட்டுக்கு ஏறி இறங்கிக் காட்டிய பிறகு பணம் தரலாம். மின்னேற்று நிலையத்தை மட்டும் அடிவாரத்தில் அமைக்க வேண்டும். செம்மேட்டில் மின்கலத்தை முழுவதும் நிரப்பிக்கொண்டு இறங்கினால், வழியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடமிருக்காது. பிரேக் மறுபடியும் கருகத் தொடங்கும்.