கல்லறை ஓரத்துக் கவிகள்

இங்கிலாந்தின் சசெக்ஸ் கடற்கரையில் மிடில்டன் என்றொரு சிற்றூர். கடல் கரையை அரித்து அரித்து, தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. புதைத்த எலும்புகள் வெளியே கிடக்கின்றன. பார்த்து நிற்கும் கவி சார்லட் ஸ்மித்துக்குப் பயம் வரவில்லை, பொறாமைதான் வருகிறது. செத்தவர்கள் காதில் இனிப் புயல் விழாதே! 14 அடிகளில் முடிந்துபோகும் சானெட் கவிதை. ரொமான்டிக் காலப் பெண் கவிகளின் தனிமையை நான் அளப்பது இதை வைத்துத்தான்.

ஸ்மித்துக்கு 15 வயதில் கல்யாணம், 12 பிள்ளைகள். கணவர் கடனுக்காகச் சிறைப்பட்டிருந்த வேளையில், 1784இல், கைக்காசு போட்டு அச்சிட்டார் தன் சானெட்டுகளை. பதிப்பு மேல் பதிப்பு வந்தது. கொஞ்சம் கலகலப்பாக எழுதக் கூடாதா என்றார் நண்பர் ஒருவர். அழவைத்த காரணங்கள் அப்படியேதான் இருக்கின்றன என்று 1792 பதிப்பின் முன்னுரையில் பதில் சொன்னார். மாமனாரின் உயில் வழக்கு தீர்ந்தது 1813இல். ஸ்மித் கண்மூடியதோ 1806இல்.

அவருடைய சானெட்டுகள் இத்தாலிய எதுகை முறைக்குப் பெரும்பாலும் கட்டுப்படாதவை. சக கவி அன்னா சூவர்டுக்கு அது பிடிக்கவில்லை. மேரி ராபின்சன் 1796இல் பழைய கிரேக்கக் கவி சாஃபோவின் காதலை 44 சானெட்டுகளாகப் பாடியபோது, இவை 'முறையானவை' என்று தலைப்பிலேயே அறிவித்தார். யாப்புச் சண்டையில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை. முறை தவறிய ஸ்மித்துக்குத்தான் வேர்ட்ஸ்வொர்த் கடன்பட்டார்.

ஃபெலிசியா ஹெமன்ஸ் வேறு வழி. 1818இல் கணவர் இத்தாலி போனவர் திரும்பவே இல்லை. ஐந்து ஆண்பிள்ளைகளோடு இருந்துகொண்டு வீட்டையும் அடுப்பங்கரை வெளிச்சத்தையும் பாடினார். அவர் பாடிய பெண்களுக்குச் சுகம் பெரும்பாலும் சாவுக்கு அப்பால்தான். லெடிஷியா லாண்டனின் நாயகிகள் கைதட்டலுக்கு நடுவே தனியாக நிற்பவர்கள். சில கவிதைகளில் கண்ணீர் கொஞ்சம் அலங்காரமாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1838இல் கல்யாணமான சில மாதங்களில், ஆப்பிரிக்கக் கரையில் கேப் கோஸ்ட் கோட்டையில் இறந்துபோனார்.

நம்பிக்கையைத் தேடினால் மறுபடி ஸ்மித்திடமே வர வேண்டியிருக்கிறது. 1807இல், அவர் மறைந்தபின் வெளிவந்த 'பீச்சி ஹெட்' நெடும்பாட்டில் ஒரு துறவி வருகிறான். பாறைக் குகையில் ஒண்டியாக வாழ்ந்துகொண்டு, புயலில் கப்பல் உடைந்தவர்களைக் கரைசேர்க்கிறான். சந்தோஷம் என்று எதுவும் கைக்கு வருவதில்லை. ஆனால் காட்டுப் பூக்களுக்கு லத்தீன் பெயரைக் குறிப்புகளில் எழுதுகிறார் ஸ்மித். சுண்ணாம்புக் குன்றின் உச்சியில் கிடக்கும் சிப்பியைப் பார்த்து, இது எப்படி இவ்வளவு உயரம் ஏறியது என்று கேட்கிறார்.